புளி போட்டுத் தேய்ச்ச கை

கடலூர் முதுநகர் பஸ்ல, நாத்தம் அடிக்குதுன்னு ஒரு மீன்கூடைக்கார அம்மாவைப் பின்சீட்டுக்கு விரட்டினாங்க. அதை விட, "ஒரு டியோ வாங்கி அடிச்சுக்கச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதும், அதுக்குப் பாதி பஸ் சிரிச்சதும்தான் ரெண்டு நாளா தொண்டையில நிக்குது.

புதுச்சேரியில டியோ, அதாவது வேர்வை நாத்தத்துக்கு அடிச்சுக்கற டியோடரண்ட், கலக்கற ஆலையில ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். சென்ட் நாத்தத்தை எடுக்காது, மேல போர்வை போர்த்தும், அவ்வளவுதான். நாத்தத்தையே பிடிக்கறது ஜிங்க் ரிசினோலியேட். வெள்ளை மெழுகு மாதிரி இருக்கும், உருக்கித்தான் கலக்கணும். ஆமணக்கெண்ணெயில நூத்துக்கு 85 பங்குக்கு மேல இருக்கற ரிசினோலியிக் அமிலம் துத்தநாகத்தோட சேர்ந்த உப்பு அது. வேர்வையை நிறுத்தாது, கிருமியைக் கொல்லாது. புது வேர்வைக்கு நாத்தமே கிடையாதுங்க. அக்குள்ல இருக்கற பாக்டீரியா அதை உடைச்சு கந்தகச் சேர்மமாவும் கொழுப்பமிலமாவும் மாத்தின பிறகுதான் வீச்சம். அந்த வீச்சத்தைக் காத்துல கிளம்ப விடாம இந்தத் துத்தநாக உப்பு பிடிச்சு வெச்சுக்கும். நாத்தம்னா அழுக்கு இல்ல, வேதியியல். திரும்பவும் சொல்றேன், அழுக்கு இல்ல.

"பக்கத்துல நீ உக்காருவியா"ன்னு கேப்பீங்க. உக்காந்துதான் வளர்ந்தேன். "கூடைக்கு விதி இருக்கு"ம்பீங்க. இருக்கட்டும், கூடைக்கும் டிக்கெட் எடுத்துட்டுத்தானே அந்தம்மா ஏறினாங்க? கடலூர் குடிகாடு பக்கம் ரசாயன ஆலை நாத்தம் வரும்போது மூக்கைப் பொத்திக்கிட்டு எத்தனை வருஷமா போறோம். ஒரு நாளாவது விசில் அடிச்சு வண்டியை நிறுத்தி யாரையாவது கேட்டோமா? ஏழைப் பொம்பளைன்னா மட்டும் வாய் வருது.

எங்கம்மாவும் கூடை தூக்கினவங்கதான். வீட்டுக்கு வந்ததும் புளிச்சக்கையை எடுத்து நகக்கண், விரல் இடுக்கு, முழங்கை வரைக்கும் தேய்ப்பாங்க. மீன் வீச்சத்துக்குக் காரணம் ட்ரைமெத்திலமைன்ங்கற, காரத்தன்மை உள்ள வாயு. புளியோட டார்டாரிக் அமிலம் அதை உப்பாக்கிடும், உப்பு ஆவியா கிளம்பாது. டியோ ஆலையில எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் பேரெல்லாம் தெரியாமலே அம்மா தினம் செஞ்சாங்க. அவங்களுக்கா டியோ பாடம் எடுக்கறீங்க?

அப்படித் தேய்ச்சுக் கழுவியும், பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டு வந்தா கேட்டுக்கு வெளியவே நிப்பாங்க. கையை முந்தானையில சுத்திக்கிட்டு, டப்பாவை மட்டும் நீட்டுவாங்க. உள்ள வாம்மான்னு நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.