நெருப்பில் எரிந்தால் நஞ்சு போய்விடுமா?

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் கதை இது: "செயற்கைக் கஞ்சாவைப் புகைத்தால் சூட்டில் அழிந்துவிடும், சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியில் இரண்டு கோடு வந்தால் பிள்ளை சுத்தம்." இரண்டுமே பிழை.

அழிவதில்லை, உருமாறுகிறது. யூஆர்-144, எக்ஸ்எல்ஆர்-11 என்ற செயற்கைக் கஞ்சா இரசாயனங்களில் மூன்று கார்பன் அணுக்களாலான ஒரு சின்ன வளையம் உண்டு. சூடு பட்டதும் அது உடைந்து திறக்கிறது. அப்படிப் பிறக்கும் பொருள் மூளையின் கஞ்சா ஏற்பியில் (கஞ்சா பற்றிக்கொண்டு வேலை செய்யும் இடத்தில்) மூலப்பொருளைவிட வலுவாக வேலை செய்வதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. சிறுநீரிலும் அதன் எச்சங்கள் வரும். பொட்டலத்தில் இருந்ததை மட்டும் தேடினால் ஆய்வுகூடமே தவறவிடலாம்.

சாதாரணப் பட்டியோ இயற்கைக் கஞ்சாவின் எச்சத்துக்காகச் செய்யப்பட்டது. (கொவிட் பட்டிக்கு நேர்மாறாக, இதில் இரண்டு கோடு என்றால் 'இல்லை'.) செயற்கைச் சரக்கு அதில் அகப்படாது, அதற்கு நிறைநிறமாலைச் சோதனை (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் ஆய்வுகூடச் சோதனை) வேண்டும்.