சோயாச் செடி ஊர் ஊராகப் போனது, அதன் சமையல் உடன் போகவில்லை

எங்கள் வீட்டில் மீல் மேக்கர் குருமா வைக்கும் நாளெல்லாம் அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிவார், திரும்பவும் அலசிப் பிழிவார். "அந்த வாடை போகணும்" என்பார். அது சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மாவில் செய்தது என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. சோயா என்றால் நமக்கு எண்ணெய் பாக்கெட், மீல் மேக்கர், கோழித் தீவனம், அவ்வளவுதான். ஒரு நல்ல பயறுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காட்டுச் சோயா இன்றும் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் புதரோரங்களில் கொடியாகப் படர்கிறது. விதை கறுப்பாகப் பொடிசாக இருக்கும், காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். வெடிக்காத காயையும் பருத்த விதையையும் தேடித் தேடி எடுத்து வைத்து, அந்தக் கொடியை நிமிர்ந்து நிற்கிற செடியாக்கியவர்கள் சீன விவசாயிகள். 3,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்கள் அடுப்படி. சோயாவை மற்றப் பயறு போல நினைத்துச் சாப்பிட முடியாது. புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. வேகவைத்த சோயாவைக் கொடுத்தால்தான் எலிகள் ஒழுங்காக வளர்கின்றன என்று அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1917-ல்தான் எழுதினார்கள். கிழக்கு ஆசியப் பெண்களுக்கு அது எப்போதோ தெரிந்த சங்கதி. ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைத் திரியவைத்து, பனீர் மாதிரி டோஃபு செய்தார்கள். ஜப்பானில் வைக்கோலில் பொதிந்து புளிக்கவைத்தால் நாட்டோ. ஜாவாவில் இலையில் கட்டிப் பூஞ்சணம் படரவிட்டால் டெம்பே. நம் நாட்டிலேயே நாகாலாந்தில் அகுனி, மணிப்பூரில் ஹவாய்ஜார், மேகாலயாவில் துங்ரிம்பாய் என்று வேகவைத்த சோயாவை இலையில் சுற்றி அடுப்பின் கதகதப்பில் புளிக்கவைக்கிறார்கள். சமையலும் சேர்ந்து போன இடத்தில் எல்லாம் சோயா சாப்பாடாகவே இருந்திருக்கிறது.

மேற்கே போனபோதுதான் கதை மாறியது. 1770-ல் லண்டனிலிருந்து அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பிலடெல்பியாவில் இருந்த தாவரவியல் அறிஞர் ஜான் பார்ட்ரமுக்கு விதை அனுப்பினார். சீனர்கள் இதில் ஒருவகைப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள் என்று கடிதத்திலும் எழுதினார். விதை போனது, அந்தக் கட்டியைச் செய்யத்தான் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. 1930-கள் வரைக்கும் அமெரிக்காவில் சோயா பெரும்பாலும் மாட்டுத் தீவனப் பயிர். 1929-ல் அந்நாட்டு வேளாண் துறையிலிருந்து டார்செட்டும் மோர்ஸும் கிழக்கு ஆசியாவுக்குப் போய் இரண்டு வருஷம் சுற்றி, ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த விதை. அப்புறம் எண்ணெய் ஆலைகள் பெருகின, பிண்ணாக்கு கோழிக்கும் பன்றிக்கும் போனது. பிரேசில் தன் சவன்னா என்ற புல்வெளி நிலத்தில் சுண்ணாம்பு போட்டு, அந்த ஊர்ப் பகல் நீளத்துக்கு ஏற்ற ரகம் கண்டுபிடித்து இன்று அமெரிக்காவையும் தாண்டிவிட்டது. அதுவும் பெரும்பாலும் தீவனத்துக்குத்தான். உலகத்தில் விளையும் சோயாவில் ஏறக்குறைய முக்கால் பங்கை இன்று கால்நடைகளே தின்கின்றன.

இந்தியாவுக்கு சோயா 1960-களில் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிக் கதை, நம் மலை ஊர்களில் சோயா அதற்கு முன்பே இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழக உதவியோடு ஜபல்பூருக்கும் இமயமலை அடிவாரத்துப் பந்த்நகருக்கும் வந்தவை அமெரிக்க ரகங்கள். மழைக்காலத்தில் சும்மா கிடந்த, மத்தியப் பிரதேசத்து மால்வாவின் கரிசல் மண்ணில் அது பிடித்துக்கொண்டது, விவசாயி கையில் காசு புரண்டது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயறு வயலிலிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து ஆலைக்கும் போனதே தவிர, விளைவித்தவர் வீட்டு அடுப்புக்குப் போகவில்லை. விதையோடு ஒரு நாகா பாட்டியையோ உத்தராகண்டின் குமாவுன் மலைப் பாட்டியையோ கூட்டிவந்து சமைத்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

குமாவுன் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பந்த்நகரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற அந்த மலைகளில் பட் என்ற கறுப்புச் சோயா காலங்காலமாக விளைகிறது. இரும்புக் கடாயில் எண்ணெய் காயவைத்து, அந்தப் பட் பயறைப் போட்டுத் தோல் வெடிக்க வறுத்து, கொஞ்சம் மாவு தூவிக் கிளறி, தண்ணீர் விட்டுக் கருகருவென்று கொதிக்க விடுவார்கள். சுர்கானி என்று பெயர். சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்கள்.