உணர்ச்சி போவதைப் பற்றியும் எழுதுங்கள்

தண்டுவடம் அடிபட்டால் கால் செயலிழந்துபோகும் என்று விளக்கிய கட்டுரை, தொடுவதும் வலிப்பதும் தெரியாமல் உணர்ச்சி போவதை ரெண்டே வரியில் முடித்துவிட்டது. எங்கள் சித்தூர் பக்கம் மாங்காய் பறிக்க ஏறி விழுந்தவர்களைக் கேளுங்கள், நடக்க முடியாததைவிடப் புண்தான் அதிகம் வதைக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்கு வலிக்கும், தானாக நகர்ந்துகொள்வோம். அவர்களுக்கு அந்தச் செய்தி மூளைக்கே போகாது, அதனால் அழுத்தத்தில் தோலுக்கு ரத்தம் போகாமல் புட்டத்திலும் குதிகாலிலும் எலும்பு தெரியுமளவு புண் வந்தாலும் தெரிவதில்லை. படுத்திருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், தினமும் தோலைப் பாருங்கள்.

அப்புறம், கால் திடீரென வெட்டி இழுத்தால் உயிர் வந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். பெரும்பாலும் அது மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடம் தானாகச் செய்யும் இழுப்பு. சொன்னதும் விரலை அசைக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். கையில் அறுந்த நரம்பைத் தைத்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், தண்டுவடம் அப்படி வளராது. ரெண்டையும் குழப்பி எண்ணெய் விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பக்கத்திலேயே வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1966இலிருந்து இப்படி அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர். தயங்காமல் அங்கே கூட்டிப்போங்கள்.