மைக்கைக் கொடுத்துவிட்டு ஏன் பிடுங்கினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் அந்தச் சிறிய காணொளி வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

குழந்தைக்குத் திட உணவு தொடங்கிய அனுபவத்தை யாராவது வந்து சொல்லுங்கள் என்று அழைத்தவர்கள் அமைப்பாளர்கள். வேறு யாரும் எழாததால் தயங்கித் தயங்கி எழுந்து வந்தவர் அந்தத் தாய். எட்டு மாதக் குழந்தைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஆவியில் வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுப்பதாகச் சொன்னார். இட்லியையும் அப்படியே நீளவாக்கில் அறுத்துக் கொடுப்பாராம். தொடக்கத்தில் பாதி தரைக்கும் மீதி தலைமுடிக்கும்தான் போனது என்று அவர் சொன்னபோது எல்லோரும் நன்றாகத்தான் சிரித்தீர்கள். பிறகு, "ஒருநாள் ஓங்கரிச்சான். நான் வாயில கைய விடாம பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அவனே வெளிய தள்ளிட்டான்" என்றார். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி, "ஏம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டுது, நீ வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா? பெத்தவதானா நீ?" என்று கேட்டார். கைதட்டினீர்கள். அந்தப் பெண் சாப்பிடக்கூட நிற்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அனுபவத்தைச் சொல்லச் சொல்லி ஒருவரை மேடைக்கு அழைத்தால், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பதுதான் மரியாதை. சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்கலாம். எந்த மாதத்தில் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் வேகவைத்தீர்கள், குழந்தை நிமிர்ந்து உட்காருகிறதா என்று கேட்டிருந்தால் எல்லோருக்கும் பயன்பட்டிருக்கும். அதைச் செய்யாமல் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

அந்தப் பெரியவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஐயா, அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டவில்லை. அது ஓங்கரித்தது. ஆறேழு மாதக் குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம், பெரியவர்களுக்கு இருப்பதைவிட நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. சரியாக மசியாத துண்டு அந்த இடத்தைத் தொட்டவுடன், தொண்டைக்குப் போகும் முன்பாகவே உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் கட்டும், நாக்கு வெளியே நீளும், சத்தம் வரும். சத்தம் வருகிறது என்றால் காற்று போய்வருகிறது என்று பொருள். மூச்சுக்குழல் அடைத்துக்கொண்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. உதடு நீலம் பாரிக்கும். அப்போது ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு விலகாவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரல்களால் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது மட்டும் கூடவே கூடாது. முன்னே வந்துகொண்டிருக்கும் துண்டை நம் விரலே உள்ளே தள்ளிவிடும். அந்தத் தாய் கையை விடாமல் பக்கத்தில் இருந்து பார்த்தார் என்றால், அந்த மண்டபத்தில் அதைச் சரியாகக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் உட்காரவைத்தீர்கள்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. என் மனைவி தினமும் பேருந்து பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவர். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், மகளின் பகல் சாப்பாடு பெரும்பாலும் என் பொறுப்பாக இருந்தது. பரங்கிக்காய்த் துண்டை அவள் பிடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த வயதில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பொறுக்கத் தெரியாது. முழு உள்ளங்கையையும் மூடித்தான் பிடிப்பாள். மூடிய கைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பகுதிதான் அவளுக்குச் சாப்பாடு, கைக்குள் மாட்டிக்கொண்டது கூழ். நீளமாக நறுக்கச் சொல்வது இதனால்தான். நம் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒருமுறை ஓங்கரித்துத் துப்பிய துண்டை அவள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள். பயந்தது நான்தான்.

இதே வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதுநகரிலிருந்து என் பெரியம்மா வந்திருந்தபோது, நான் மகளுக்கு இட்லித் துண்டு கொடுப்பதைப் பார்த்து, "ஆம்பளையா இருந்தும் எவ்ளோ பொறுமையா கத்துக்குடுக்கிறான் பாரு" என்று பூரித்துப்போனார். மறுநாள் விடுப்பில் இருந்த என் மனைவி அதே தட்டில், அதே அளவில், அதே இட்லியைக் கொடுத்தார். "ஊட்டி விடறதுக்குக்கூட ஒடம்பு வணங்கலையா?" என்று கேட்டவரும் அதே பெரியம்மாதான். நான் செய்தால் பொறுமை, அவர் செய்தால் சோம்பேறித்தனம். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நான் ஏறி இதே அனுபவத்தைச் சொல்லியிருந்தால் மைக்கை யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். சால்வைகூடப் போட்டிருப்பார்கள்.

"குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?" என்று உள்பெட்டியில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறப்பது நடக்கிறது, அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நியூசிலாந்தில் 206 குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. எவற்றைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தந்து, குழந்தையே கையால் எடுத்துத் தின்னவிட்ட குடும்பங்களையும், வழக்கம்போலக் கரண்டியால் ஊட்டிய குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். தொண்டையில் அடைத்துக்கொண்ட நிகழ்வுகளில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கவலைப்பட வேண்டிய செய்தியும் அதில் இருந்தது: அடைத்துக்கொள்ளக்கூடிய உணவுகள் இரண்டு தரப்பிலுமே பல குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆக, ஊட்டுவதா எடுத்துத் தின்ன விடுவதா என்பதைவிட, எந்தத் துண்டு என்பதுதான் முக்கியம். முழு திராட்சை, வேர்க்கடலை, பச்சைக் கேரட், தேங்காய்ச் சில்லு, பொட்டுக்கடலை, பாப்கார்ன் ஆகியவைதான் ஆபத்து. நம் பண்ருட்டி முந்திரியும் அதில் அடக்கம். நன்கு வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இந்த வரிசையில் வராது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மேசையில் என்ன வைத்திருந்தீர்கள்? கடலை மிட்டாய், கிண்ணம் நிறைய முழு திராட்சை. தவழும் வயதுக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், ஆசையாக ஒரு திராட்சையைக் குழந்தையின் வாயில் வைத்தார். நான் போய்த் தடுத்தேன். "ஒண்ணே ஒண்ணுதான் தம்பி" என்றார். அந்த ஒன்று போதும். அதை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். முன்வரிசைப் பெரியவர் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எந்தக் குழந்தையின் மூச்சும் நினைவுக்கு வரவில்லை. கிழங்கு கொடுத்தவர் கொலைகாரி, திராட்சை கொடுத்தவர் பாசக்காரர். இந்த நீதியை நான் எங்கே போய்ச் சொல்வது?

"நீ என்ன டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மைக்கைப் பிடுங்கியவரும் இல்லை.

"வெள்ளைக்காரன் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. குழந்தையே கையால் எடுத்துத் தின்னவிடும் இந்த முறைக்கு 'பேபி-லெட் வீனிங்' என்று பெயர் வைத்து பிரிட்டனில் பரப்பியவர் கில் ராப்லி என்பது உண்மை. அவர் அங்கே மருத்துவச்சியாகவும் சுகாதாரப் பணியாளராகவும் இருந்தவர். பெயர் அங்கிருந்து வந்தது, பழக்கமுமா அங்கிருந்து வந்தது? கூட்டுக் குடும்பத்தில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்து குழைந்த சோற்றையும் வெந்த உருளைக்கிழங்கையும் அள்ளித் தின்னாமலா நீங்களெல்லாம் வளர்ந்தீர்கள்? அந்தத் தாத்தாவிடம் யாராவது மைக்கைப் பிடுங்கினார்களா? உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றும், ஆறாவது மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்து இணை உணவு என்றும்தான் சொல்கிறது. எட்டு மாதவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் தாமாக எடுத்துத் தின்னும் உணவுகளைச் சாப்பிட முடியும் என்றும், ஒரு வயதில் வீட்டார் சாப்பிடும் வகைகளையே சாப்பிட முடியும் என்றும் 2003-இல் வெளியான இணை உணவு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தப் பெண்ணின் குழந்தைக்கு எட்டு மாதம். இதில் எங்கே தவறினார் என்று யாராவது சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பயத்தில் ஒன்றரை வயதுவரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே கொடுத்த வீடுகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அந்தக் குழந்தை ஒரு பருக்கை நாக்கில் பட்டாலே வாந்தி எடுக்கும். வீட்டாரோ "இவனுக்குச் சாப்பாடே பிடிக்காது" என்று அங்கலாய்ப்பார்கள். பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைத் தொடங்கிய குழந்தைகள், பின்னாளில் சாப்பிடப் படுத்துவது அதிகம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2001-லேயே சொல்லியிருக்கிறது. மெல்லுவதும் பழக்கத்தில் வருவதுதான். பல் முளைத்தால் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. பல் இல்லாத ஈறே வெந்த கிழங்கை மசித்துவிடும், அதற்கு வலு போதும்.

"கையில் கொடுத்தால் வயிறு நிறையுமா?" என்று என் அத்தை கேட்டார். இவர் ஒருவர்தான் கேள்வியைக் கேள்வியாகக் கேட்டார், அதனால் அவருக்குப் பொறுமையாகவே பதில் சொன்னேன். ஆறு முதல் எட்டு மாதம்வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து ஒரு நாளைக்குத் தேவை சுமார் 200 கலோரிதான். மீதியைத் தாய்ப்பால் கொடுத்துவிடும். ஆனால் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறைந்துவிடுவதால், கிழங்கையும் பழத்தையும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது. ஈரல், நன்றாக வெந்து உதிரும் கறி, முள் இல்லை என்று விரலால் உதிர்த்துப் பார்த்த மீன், முட்டை, பருப்பு எல்லாம் சேர வேண்டும். நாங்கள் பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டியும் விட்டோம், பக்கத்தில் துண்டுகளையும் வைத்தோம். இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ளாது என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டார்கள், அது வேறு கதை. எடை சரியாக ஏறுகிறதா என்பதை அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்து அட்டையில் குறித்துத் தருவார்கள். அந்த அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைப் பார்க்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கழுத்து இன்னும் நிற்காத குழந்தை, விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கையில் கொடுக்க வேண்டாம். அந்தத் தாயும் இதைச் சொல்லியிருப்பார். சொல்ல விட்டால்தானே.

"பெரியவர் அக்கறையில்தான் பேசினார்" என்கிறார் அமைப்பாளர்களில் ஒருவர். அக்கறை இருந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவில், மைக்கில், "பெத்தவதானா" என்று கேட்பதற்குப் பெயர் அக்கறை என்றால், அந்த அக்கறை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேண்டாம். அந்தக் காணொளியை எடுத்தவரும் பரப்பியவரும் யாரென்று எனக்குத் தெரியும். குழந்தையின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. இன்றே நீக்கிவிடுங்கள்.

இந்தப் பதிவின் கீழே "எங்கள் காலத்தில்" என்று தொடங்க விரும்புகிறவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். எத்தனையாவது மாதத்தில், எதை, எப்படி வேகவைத்து, எந்த அளவில் நறுக்கிக் கொடுத்தீர்கள் என்று முழுதாக எழுதுங்கள், கடைசி வரிவரை படிப்பேன். திட்டுவதற்காக வருகிறவர்கள் என்னைத் திட்டுங்கள். அந்தப் பெண்ணின் பெயரையும் எண்ணையும் கேட்டு உள்பெட்டிக்கு வருகிறீர்களே, மன்னிப்புக் கேட்பதற்காக இருந்தாலும் தரமாட்டேன். மைக்கில் பேசியவர்கள் அடுத்த கூட்டத்தில் மைக்கிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.