தாழ்ப்பாள் சரியாக விழும் ஓர் அறை

என் தோழி ஒருத்தி திருநங்கை. வெளியே நாள் முழுக்க வேலை இருக்கிறது என்றால் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவாள். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தனி அறையாகக் கழிப்பறை இருக்கிறது, எது எந்த நேரத்தில் பூட்டியிருக்கும், எங்கே காவலாளி கேள்வி கேட்க மாட்டார் என்று போனில் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு இது தெரியவே தெரியாது. ஒருமுறை இருவரும் ஒரு பயிற்சி வகுப்புக்குச் சேர்ந்து போனபோதுதான் தெரிந்தது.

அன்று மதியம் பெண்கள் கழிப்பறை வாசலில் இருந்த காவலாளி அவளை நிறுத்தி ஆண்கள் பக்கம் போகச் சொன்னார். அங்கே போனால் உள்ளே நின்ற இரண்டு பேர் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், ஒருவன் போனை எடுத்திருக்கிறான். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். நான் காவலாளியிடம் சண்டைக்குப் போனேன். "விடுங்க அக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சாயங்காலம் வகுப்பு முடிகிற வரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சல். ஏன் வந்தது என்று டாக்டரிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், அந்த வருடத்தில் அது மூன்றாவது தடவை என்று.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2015-இல் அமெரிக்காவில் 27,715 திருநர்களிடம், அதாவது பிறப்பில் குறித்த பாலினத்திலிருந்து மாறுபட்ட பாலின அடையாளம் கொண்டவர்களிடம், நடத்திய கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. அதில் 59 சதவீதம் பேர், ஏதாவது பிரச்சினை வருமோ என்ற பயத்தில் அதற்கு முந்தைய ஓராண்டில் பொதுக் கழிப்பறைக்குப் போகாமல் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 32 சதவீதம் பேர் கழிப்பறை தேவைப்படக் கூடாது என்பதற்காகவே சாப்பாட்டையோ தண்ணீரையோ குறைத்திருக்கிறார்கள். 8 சதவீதம் பேருக்கு இதனால் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகம் சம்பந்தப்பட்ட வேறு தொந்தரவோ வந்திருக்கிறது. இதைப் படித்தபோது அவளுடைய போன் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. அவள் ஒருத்தியின் கூச்சம் என்று நான் நினைத்திருந்த பழக்கம், எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேரின் அன்றாடமாக இருக்கிறது.

சரி, இப்போது என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதற்குத் தீர்வு எல்லாப் பாலினருக்கும் பொதுவான கழிப்பறைதான் என்று சிலர் சொல்லி முதலில் கேட்டபோது எனக்கும் பயம்தான் வந்தது. நானும் ஒரு பெண். இருட்டிய பிறகு ஆள் இல்லாத கழிப்பறைக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே ஓர் ஆண் நின்றால் என்ன செய்வது, தடுப்புக்கு மேலே போனை நீட்டினால் என்ன செய்வது, மாதவிடாய் நாளில் கறையைக் கழுவ வேண்டியிருந்தால் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று ஒரு பெண் யோசித்தால் அது திருநங்கைகள் மேல் உள்ள வெறுப்பு என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். அந்தப் பயம் அனுபவத்தில் இருந்து வருகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது.

ஆனால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தேன். நான் பயப்படுவது யாருக்கு? திருநங்கைக்கா? இல்லை, தப்பு செய்ய வருகிற ஆணுக்கு. அவனைக் கதவில் ஒட்டிய ஒரு பாவாடைப் படம் என்றைக்காவது தடுத்திருக்கிறதா? பெண்கள் கழிப்பறை என்று பெரிதாக எழுதிய இடத்தில்தான் ஒளிந்து நின்று படம் பிடித்திருக்கிறார்கள். அது ஏற்கெனவே குற்றம், யார் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்ற விதி மாறினாலும் அது குற்றமாகவே இருக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். திருநர் தங்கள் பாலின அடையாளத்துக்கு ஏற்ற கழிப்பறைக்குப் போகலாம் என்று விதி செய்த ஊர்களையும், அப்படி விதி இல்லாத அதே மாதிரியான ஊர்களையும் எடுத்து, கழிப்பறைகளிலும் உடை மாற்றும் அறைகளிலும் நடந்த குற்றங்களைப் பற்றிய பதிவுகளை ஒப்பிட்டார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்வு, விதிக்கும் குற்றங்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அந்த மாநிலத்து மக்களிடமே, இந்த உரிமையை மாநிலம் முழுவதற்கும் தருகிற சட்டம் இருக்கட்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் இருக்கட்டும் என்றார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மாநிலம் முயன்று பார்த்தது. 2016-இல் வட கரோலினாவில், அரசுக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இதை எப்படி நடைமுறைப்படுத்துவது? கழிப்பறைக்கு யார் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகிறார்கள்? கடைசியில் ஆளைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்படிச் சந்தேகப்பட ஆரம்பித்தால் முடி குட்டையாக வெட்டிய பெண், குரல் கனத்த பெண், உயரமான பெண், எல்லோரும்தான் வாசலில் நிற்க வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டப்படி, பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்கிற, தாடி மீசையோடு இருக்கிற திருநம்பி பெண்கள் கழிப்பறைக்குள் வர வேண்டும். பெண்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கொண்டுவந்த விதி பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். அந்தப் பகுதியை 2017-இல் அவர்களே நீக்கிவிட்டார்கள்.

திருநம்பிகளைப் பற்றி இந்தப் பேச்சில் யாருமே பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஆண்கள் கழிப்பறைக்குத்தான் போகிறான். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. ஆண்கள் கழிப்பறையில் குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது? நாப்கினைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து வீடு வரை கொண்டுவருகிறான். பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக யாராவது குழாயைத் திறக்கிற வரை காத்திருப்பானாம். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னான். ஒவ்வொரு அறையிலும் மூடி போட்ட ஒரு தொட்டி வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். யார் எந்தக் கதவுக்குள் போகலாம் என்று நாம் சண்டை போடுகிறோம். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. வழக்கமான பொதுக் கழிப்பறையில் இருப்பது என்ன? தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கித் தலைக்கு மேல் திறந்து கிடக்கிற தடுப்பு, சரியாகப் பொருந்தாத தாழ்ப்பாள், இடுக்கு வழியாக வெளியே நிற்பவர் தெரிகிற கதவு. இந்தத் தடுப்பை வைத்துக்கொண்டு வெளியே 'எல்லோருக்கும்' என்று பலகை மாட்டினால் யாருக்கும் நிம்மதி இருக்காது. எனக்கும் இருக்காது, என் தோழிக்கும் இருக்காது.

தோக்கியோவில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கபுகிச்சோ பகுதியில் திறந்த ஒரு பெரிய கோபுரக் கட்டடத்தில் பாலின வேறுபாடு இல்லாத கழிப்பறை வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லோருக்குமான அறைகள், பெண்களுக்கான அறைகள், ஆண்களுக்கான அறைகள் எல்லாவற்றையும் ஒரே பொதுவான உள்ளிடத்துக்குள் வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் கூட்டம் அலைகிற கேளிக்கைப் பகுதி அது. பெண்கள் பயமாக இருக்கிறது என்றார்கள், பாதுகாவலர்களை நிறுத்திப் பார்த்தார்கள், நான்கு மாதத்துக்குள் மாற்றிக் கட்டினார்கள். இதைக் காட்டி 'பார்த்தீர்களா, இது சரிப்படாது' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கட்டட அமைப்பின் தோல்வியாகத்தான் தெரிகிறது. அந்தப் பெண்கள் சொன்னது நியாயம். அவர்களிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

லண்டனில் ஓல்ட் விக் நாடக அரங்கில் 2019-இல் இன்னொரு வகை. ஆண், பெண் என்ற பலகைகளை எடுத்துவிட்டு ஒரு பக்கம் தனி அறைகள் மட்டும், இன்னொரு பக்கம் சிறுநீர் கழிக்கும் தொட்டிகளும் அறைகளும் என்று எழுதினார்கள். நடைமுறையில் என்ன ஆகும்? தொட்டிகள் இருக்கிற பக்கம் பெண்கள் போக மாட்டார்கள். ஆண்களுக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பெண்கள் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பலகையை மட்டும் மாற்றுகிற வேலை யாருக்கு நல்லது செய்யும் என்று எனக்குப் புரியவில்லை. பழி மட்டும் கடைசியில் திருநர் தலையில் வந்து விழுகிறது.

அப்படியென்றால் எது சரியான அமைப்பு? விமானத்தில் ஆண் பெண் சண்டை ஏன் வருவதில்லை என்று பாருங்கள். நான்கு பக்கமும் அடைத்த தனி அறை, உள்ளேயே கை கழுவும் தொட்டி, தாழ்ப்பாள் போட்டால் வெளியே சிவப்பு தெரியும், கதவு எல்லோர் கண் முன்னாலும் இருக்கும். தரையிலும் அப்படியே கட்டலாம். தரையிலிருந்து கூரை வரை சுவர் வேண்டும். மூலையில் தனியாக ஒதுங்கியிருக்கிற கூடம் கூடாது, அறைகள் நேராக ஆள் நடமாட்டம் உள்ள வராந்தாவைப் பார்த்துத் திறக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் திறக்கக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்து விடுவிக்க ஒரு வழியும் இருக்க வேண்டும். காற்றோட்டம் ஒவ்வோர் அறைக்கும் தனியாக வேண்டும். இடமும் செலவும் கூடும், சுத்தம் செய்பவர்களுக்கு வேலையும் கூடும். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு ஆளும் சம்பளமும் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் அடுத்த ஆள் யார் என்ற கேள்வியே எழாது. அவர் என் பக்கத்தில் இல்லை, நான் போன பிறகு வருகிறார், அவ்வளவுதான்.

இதில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது ஒன்று உண்டு. 2024 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று கட்டட விதி வந்தது. தனித்தனியாக வேண்டும் என்று நினைத்த அரசு கொண்டுவந்த விதி. அதிலும்கூட, எல்லோருக்கும் பொதுவாக வைப்பதென்றால் கழிப்பறை, கை கழுவும் தொட்டி, கை உலர்த்தும் வசதி எல்லாம் ஒரே மூடிய அறைக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். இரு தரப்பும் கடைசியில் வந்து நிற்பது அதே அறையில்தான்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூட்ட நேரத்தில் தனித்தனிக் கழிப்பறை என்றால் பெண்கள் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கிறது. பொதுவாக்கினால் அது ஒன்றரை நிமிட அளவுக்கு இறங்குகிறது.

அப்புறம், திருநருக்குத் தனியாக மூன்றாவது கழிப்பறை கட்டிவிட்டால் போதுமே என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நல்சா) தொடுத்த வழக்கின் தீர்ப்பில் திருநருக்குத் தனிப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று சொன்னது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என் தோழியிடம் கேட்டேன். "அந்தக் கதவைத் திறந்தா நான் யாருன்னு ஊருக்கே சொன்ன மாதிரிக்கா. சில இடத்துல அது பரவால்ல. எல்லா இடத்துலயும் முடியுமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த வேறு சிலர் தனிக் கழிப்பறைதான் வேண்டும், அங்கேதான் நிம்மதி என்கிறார்கள். இன்னும் சிலர், நான் பெண், பெண்கள் கழிப்பறைக்குத்தான் போவேன் என்கிறார்கள். எல்லாத் திருநரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. எல்லோருக்கும் பொதுவான தனி அறைகள் சில இருந்தால், அங்கே போகிறவரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. ஏனென்றால் அங்கே எல்லோரும் போகிறார்கள்.

நானும் போகிறேன். அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு அவரை வெளியே கூட்டிப்போனால் கழிப்பறைதான் பெரிய கவலை. தனியாக விட முடியாது, ஆண்கள் பக்கம் நான் நுழைய முடியாது, பெண்கள் பக்கம் அவரைக் கூட்டிப்போக முடியாது. முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் "அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாசலில் எத்தனை முறை நின்றிருக்கிறேன் தெரியுமா? ஒருமுறை உள்ளே போய் இருபது நிமிடம் வரவில்லை. தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று மறந்துவிட்டார். மகளை அழைத்துவரும் அப்பா, மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் கணவர், எல்லோரும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். அந்த வாசலில் நின்றபோதுதான் என் தோழியின் பட்டியல் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பெண்களுக்கென்று இருக்கிற கழிப்பறைகளை எல்லாம் இடித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டும் என்பவர்களுக்கு அவை இருக்கட்டும். இருக்கிற ஒற்றை அறைக் கழிப்பறைகளில் ஆண், பெண் பலகை எதற்கு? உள்ளே ஒருவர்தானே போகிறார். கலிபோர்னியாவில் 2017 மார்ச்சிலிருந்து பொது இடங்களில் உள்ள ஒற்றைக் கழிப்பறைகள் எல்லாம் எல்லோருக்கும்தான் என்று சட்டமே இருக்கிறது. புதுச் சுவர் வேண்டாம், பலகையை மாற்றினால் போதும். பலகையை மட்டும் மாற்றுவது சரியாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

நான் வேலை செய்யும் கட்டடத்தில் இரண்டு மாடிகளைப் புதுப்பிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் மூன்று முழு அறைகள், கூரை வரை சுவர், உள்ளேயே கை கழுவும் தொட்டி, எல்லா அறையிலும் மூடி போட்ட குப்பைத் தொட்டி, வெளியிலிருந்து விடுவிக்கக்கூடிய தாழ்ப்பாள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கட்டட வேலையைப் பார்ப்பவர் வரைபடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இடம் இல்லை என்கிறார். வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அளவு நாடாவோடு போகிறேன்.