தையல் தெரியும் வீடியோக்கள்

நான்கு பேர் சேர்ந்து செய்த வீடியோவில் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், அந்த நால்வரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் குழுவாகச் சேர்ந்து ஏதாவது ஒரு தொழில்நுட்பத்தை விளக்கி வீடியோ எடுக்க வேண்டும். பிறகு மற்றக் குழுக்களின் வீடியோக்களுக்கு நாமே மதிப்பெண் போட வேண்டும். சில நாள்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே வேலைதான். வீட்டில் எல்லோரும் தொடர் பார்க்கிறார்கள், நான் 5ஜி பார்க்கிறேன்.

அந்த 5ஜி வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்பில் அதிகம் பாராட்டப்பட்டது அதுதான். மேலிருந்து எடுத்த நகரக் காட்சி, நீல ஒளிக்கோடுகள், அதிரும் இசை, கணினி உருவாக்கிய குரல். அந்தக் குரல் 'ரூ.' என்பதை 'ரூ புள்ளி' என்று வாசித்தபோதாவது குழுவில் ஒருவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் சேவை தொடங்கியது என்ற தகவல் வந்தது. உயர் அலைவரிசைக்குப் போனால் வேகம் ஏன் கூடுகிறது, ஆனால் சுவரைத் தாண்ட ஏன் திணறுகிறது என்ற ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. மதிப்பெண் தாளில் 'காட்சித் தரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் முழு மதிப்பெண் போட்டேன். போட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கியூஆர் குறியீடு பற்றியது. மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம், அதற்கு மேலே எதிலோ கட்டித் தொங்கவிட்ட கைபேசி, ஒரு பெண்ணின் கையும் நீல மைப் பேனாவும். அவ்வளவுதான் காட்சி. மூலைகளில் இருக்கும் மூன்று சதுரங்களையும் வரைந்து, சதுரத்தின் நடுவழியாக எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வருவதைக் காட்டினார். ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் 1994-இல் இதை உருவாக்கிய மசாஹிரோ ஹாராவின் குழு, அச்சில் மிக அரிதாக வரும் விகிதத்தைத் தேடிப் பிடித்ததால்தான் கேமரா குழம்பாமல் அந்தச் சதுரங்களைக் கண்டுகொள்கிறது. அடுத்து, டீக்கடையில் பணம் செலுத்த ஒட்டிவைத்திருப்பார்களே, அதுபோல ஒரு அட்டையை எடுத்து, ஓரத்தில் பேனாவால் கிறுக்கி, மீண்டும் கைபேசியைக் காட்டினார். படித்துவிட்டது. மிக உயர்ந்த பிழைதிருத்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டெடுக்க முடியும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். முதலில் கிறுக்கல், பிறகு விளக்கம். இந்த வரிசையை யோசித்தவருக்குத் தனியாக ஒரு பரிசு தரலாம்.

இது என் ரசனை மட்டுமல்ல. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாட வீடியோக்களை வைத்து ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 69 லட்சம் பார்வைகளை அலசினார்கள். பெருஞ்செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட நெருக்கமாக உட்கார்ந்து பேசுவதுபோல எடுத்தவை மாணவர்களைப் பிடித்து வைக்கலாம் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. கையால் எழுதிக்கொண்டே விளக்குவது ஸ்லைடுகளை வெல்கிறது என்பது இன்னொன்று. எவ்வளவு நீண்ட வீடியோவானாலும் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை என்பதையும் சொன்னார்கள். நமக்குக் கொடுத்த கட்டாய நீளம் பன்னிரண்டு நிமிடம்!

இனி தையலுக்கு, அதாவது துண்டுகளை ஒட்டிய இடம் அப்படியே வெளியே தெரிவதற்கு, வருகிறேன். ஜிபிஎஸ் பற்றிய வீடியோ ஒன்றில் முதலில் பேசியவர் செயற்கைக்கோள்கள் 24 என்றார். மூன்றாவதாக வந்தவர் 31 என்றார். இரண்டையும் தவறு என்று சொல்ல முடியாது. திட்டப்படி தேவையானவை 24, மேலே இயங்கிக்கொண்டிருப்பவை அதைவிட அதிகம். அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அதுவே வீடியோவின் நல்ல இடமாக ஆகியிருக்கும். ஆனால் முதலாமவர் பேசியதை மூன்றாமவர் கேட்கவே இல்லை. நால்வரும் தனித்தனியாக 'வணக்கம்' சொல்கிறார்கள். ஒருவர் குரல் காதைக் கிழிக்கிறது, அடுத்தவருக்காக ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பின்னணியில் ஒருவர் வீட்டுக் குக்கர் விசில். (விசிலை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும்.)

இப்படி ஆனால் உடனே 'யாரோ ஒருவர் வேலை செய்யவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் இழுவையும் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனித்தனியே இழுத்திருந்தால் கிடைக்கக்கூடியதில் ஏறத்தாழ பாதிதான் கிடைத்தது. இதைச் சோம்பலுக்குச் சான்றாகவே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ரிங்கெல்மானோ முக்கியமாகச் சுட்டியது, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததை. சோம்பலும் உண்டு, பிற்காலச் சோதனைகள் அதையும் காட்டின. ஆனாலும் நான் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் இழுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பக்கம்.

எங்கள் குழுவின் தலைப்பு கடலடிக் கேபிள். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்களே, அதைப் பற்றியது. ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில் இரவுப் பணி, ஒருவருக்குக் கைக்குழந்தை. நால்வரும் ஒன்றாகத் திரையில் கூடியது அபூர்வம். துபாய் நண்பர் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். வீடியோவில் அவர் குரல் வருவது அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் நால்வரின் ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தவர் அவர். இரண்டு பேர் ஒரே படத்தை இரண்டு முறை விளக்கியிருந்ததைக் கண்டுபிடித்து ஒன்றை வெட்டியவர் அவர். வெட்டுவதற்கு முன் 'அண்ணா, உங்கள் பகுதியை எடுத்துவிடலாமா? வருத்தப்பட மாட்டீர்களே?' என்று என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டவரும் அவர்தான். எங்களுக்கு வந்த பாராட்டெல்லாம் 'தொகுத்து வழங்கியவரின் குரல் கம்பீரம்' என்று இருந்தது. பங்களிப்புப் படிவத்தில் துபாய் நண்பருக்கு எதிரே 'உரை: 25 வினாடி' என்று பதிவாகியிருக்கிறது, ஏனென்றால் படிவம் அதை மட்டும்தான் கேட்கிறது.

இதில்தான் எனக்குக் கோபம். நேரில் ஒரே அறையில் வேலை செய்தால் யார் மேசையைத் துடைத்தார், யார் சண்டையை நிறுத்தினார் என்று நாலு பேர் கண்ணில் படும். தொலைவில் அது யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத வேலைக்கு மதிப்பெண் தாளிலாவது ஒரு வரி ஒதுக்க வேண்டாமா? பகிர்ந்த கோப்பின் திருத்த வரலாறு இருக்கிறது, எந்த நேரத்தில் யார் எதை மாற்றினார் என்று வரிவரியாகச் சொல்கிறது. அதை இணைக்கச் சொல்ல ஒரு பேராசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நாம் எழுதும் கருத்துகளும் சரியில்லை. 'மிக அருமை, வாழ்த்துகள் தோழர்களே' என்று எழுதிவிட்டுப் பத்துக்குப் பத்து போடுவது நட்பு அல்ல, தப்பித்தல். நான் எல்லோருக்கும் எந்த நிமிடத்தில் எது புரியவில்லை என்று குறித்து அனுப்பினேன். ஜிபிஎஸ் குழுவிலிருந்து ஒருவர் கோபமாகப் பதில் எழுதினார். இன்னொருவர், 24 என்று பேசியவர், 31 எங்கிருந்து வந்தது என்று என்னிடமே கேட்டார்.

அடுத்த பருவத்துக்கான குழுப் பட்டியல் வந்துவிட்டது. துபாய் நண்பர் வேறு குழு. புதிய வாட்ஸ்அப் குழுவில் தலைப்பைப் பற்றி வாதம் மும்முரமாக நடக்கிறது. அறிமுகவுரை பேச மூன்று பேர் தயார். முழு வீடியோவையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை தொடக்கத்திலிருந்து பார்க்கப்போவது யார் என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.