தடை இரண்டாம் வகுப்பு வரைதான்

"ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது, உயர் நீதிமன்றம் தடை போட்டாச்சு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் 2018 மே மாதம் பிறப்பித்த உத்தரவில் வீட்டுப்பாடத் தடை ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும்தான். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலும் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுப்பாடம் உண்டு, ஆனால் அளவோடு. 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கை மூன்று முதல் ஐந்து வரை அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. நாளுக்கு இல்லை, வாரத்துக்கு! ஆறு முதல் எட்டு வரைதான் நாளுக்கு 1 மணி நேரம். இது வழிகாட்டுதல்தான், நீதிமன்றத் தடை அல்ல.

என் மகன் மூன்றாம் வகுப்பு. போன மாதம் ஒரு வாரம் அவன் எழுதிய நேரத்தைக் குறித்து வைத்தேன், கிட்டத்தட்ட 7 மணி நேரம் வந்தது. 16ஆம் வாய்ப்பாடு மட்டும் ஐந்து முறை. அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. தடை இருக்கிறது என்று போய்ச் சண்டை போட்டிருந்தால், "எந்த உத்தரவு, காட்டுங்க" என்று ஒரே கேள்வியில் அனுப்பியிருப்பார்கள். அந்த நோட்டையும் நேரக் கணக்கையும் மிஸ்ஸிடம் காட்டினேன். வாய்ப்பாட்டை இனி வகுப்பிலேயே எழுத வைக்கிறேன் என்றார்.